செத்தவன் எப்போது திரும்பி வருவான்?

டோட்டா, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்ற கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் புதிதாக ஆட வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்கிறவர்கள் பெரும்பாலும் ஹீரோக்களிலிருந்துதான், அதாவது ஆளுக்கொருவராக நாம் இயக்கும் பாத்திரங்களிலிருந்துதான், ஆரம்பிக்கிறார்கள். இவள் வில்லுக்காரி, தூரத்திலிருந்து அடிப்பாள். இவன் தடியன், முன்னால் நின்று அடி வாங்குவான். இவள் பனியை எறிந்து ஆளை உறைய வைப்பாள். டோட்டா 2-வில் 120-க்கும் மேல் ஹீரோக்கள் இருக்கிறார்கள். லீக்கில் அந்தக் கணக்கு 160-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு திறன்கள். அதன் பிறகு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல், எந்த ஹீரோவுக்கு எந்த ஹீரோ ஆகாது என்ற பட்டியல். கேட்டுக்கொண்டிருப்பவர் சீக்கிரமே எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்கிவிடுவார். போதும், விட்டுவிடு என்று சொல்லும் தலையாட்டல் அது. புதியவர்களுக்கென்று போடப்படும் வீடியோக்களும் இதே வரிசையில்தான் போகின்றன. மோபா (இந்த வகை விளையாட்டுகளுக்கான பொதுப்பெயர்) கஷ்டமான விளையாட்டு என்று பேர் வாங்கியதில் விளையாட்டுக்கு இருக்கும் பங்கு பாதி என்றால், நாம் சொல்லிக்கொடுக்கும் வரிசைக்கு இருக்கும் பங்கு மீதிப் பாதி. இது எனக்குள் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம்.

என் கட்சி இதுதான்: முதலில் சொல்ல வேண்டியது ரீஸ்பான் டைமரைப் பற்றி. ஒரு ஹீரோ செத்தால் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வருவான் என்று காட்டும் அந்தச் சின்ன எண். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும். தங்கம், லேன், வார்டு, யார் முன்னால் நிற்பது, யார் யாருக்காகச் சாவது, எல்லாமே. நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. டைமர் ஒரு தண்டனை, அவ்வளவுதான், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பார்கள். அவர்களுக்கான பதிலாகவே இதை எழுதுகிறேன்.

அடிப்படையை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள். சதுரமான ஒரு மேப்பின் எதிரெதிர் மூலைகளில் இருவருக்கும் ஆளுக்கொரு பேஸ். அதன் நடுவில் டோட்டாவில் ஏன்ஷியன்ட் என்றும் லீக்கில் நெக்ஸஸ் என்றும் சொல்லப்படும் ஒரு கட்டடம். அதை இடித்த அணி ஜெயித்தது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. பேஸ்களை இணைக்கும் பாதைகள் (லேன்கள்) மூன்று: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு பாதையிலும் வரிசையாக டவர்கள். முன்னால் இருப்பதை இடிக்காமல் அடுத்ததைத் தொட முடியாது. டோட்டா 2-வில் ஓர் அணிக்கு மொத்தம் 11 டவர்கள், லீக்கிலும் அதே எண்ணிக்கை. பாதைகளுக்கு இடையில் காடு, குறுக்கே ஓர் ஆறு. கம்ப்யூட்டர் இயக்கும் சிறுபடை (டோட்டாவில் க்ரீப், லீக்கில் மினியன்) அலை அலையாகக் கிளம்பிப் போய் எதிர்ப் படையோடு மோதிக்கொண்டே இருக்கும். தன் படையோடு சேர்ந்து நின்று, எதிர்ப் படையை அடித்துத் தங்கம் சம்பாதித்து, ஹீரோவை வளர்த்து, டவர்களை இடித்துக்கொண்டே போக வேண்டும். எல்லோரும் முதல் லெவலில் வெறுங்கையோடு தொடங்குகிறார்கள். அடுத்த ஆட்டத்தில் மறுபடி முதலிலிருந்து.

அக்கா கேட்ட கேள்வி

என் அக்கா இந்த விளையாட்டுகளை ஆடியதில்லை. ஒரு நாள் நான் டோட்டா போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் பெரிய சண்டை. வர்ணனையாளர்கள் கத்துகிறார்கள், வண்ண வண்ணமாக வெடிக்கிறது, ஆட்கள் விழுகிறார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "டேய், இப்ப செத்தானே, அவன் திரும்ப வந்து நிக்கிறான். அப்புறம் எதுக்குடா அவனைக் கொல்ல இவ்வளவு பாடு?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் நாமே எவ்வளவு சுலபமாகக் கடந்து வந்துவிடுகிறோம்! பல வருடம் ஆடியவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கொன்றால் தங்கம் கிடைக்கும் என்பார்கள். உண்மைதான், கிடைக்கும். ஆனால் க்ரீப்பை அடித்தாலும் தங்கம் கிடைக்கும், அதில் ஆபத்தும் குறைவு. எக்ஸ்பீரியன்ஸ் (லெவலை ஏற்றும் புள்ளி) கிடைக்கும் என்பார்கள். அதுவும் க்ரீப்பின் பக்கத்தில் நின்றாலே கிடைக்கும். கொல்வதால் மட்டுமே கிடைக்கிற ஒன்று என்ன என்பதுதான் அக்காவின் கேள்வி.

நான் பதில் சொல்லவில்லை. திரையின் மேல் பட்டையைக் காட்டினேன். பத்து ஹீரோக்களின் முகங்கள் அங்கே வரிசையாக இருக்கும். செத்தவனின் முகம் கறுத்துப்போய், அதில் ஓர் எண் இறங்கிக்கொண்டிருக்கும். "அந்த நம்பர் பூஜ்யமானா வருவான்," என்றேன். அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை. அவள் அதன் பிறகு சண்டையைப் பார்க்கவே இல்லை, பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் ஒருவன் செத்தபோது எண் சின்னதாக இருந்தது. சில மூச்சு விடுவதற்குள் வந்துவிட்டான். "இது சாவே இல்லையே," என்றாள். ஆட்டம் நீண்டுகொண்டே போனது. ஒரு சண்டையில் ஓர் அணியின் மூன்று பேர் அடுத்தடுத்து விழுந்தார்கள். மூன்று முகங்களிலும் எண் ஒரு நிமிடத்தைத் தாண்டி நின்றது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப அங்க ரெண்டே பேர்தான். கபடியில ஆள் குறைஞ்ச மாதிரி. இவங்க இன்னும் ஏன் துரத்திட்டு நிக்கிறாங்க? நேரா போய் அந்தக் கட்டடத்தை இடிக்க வேண்டியதுதானே?" அவள் சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஐந்து பேரும் துரத்துவதை விட்டுவிட்டு நடுப்பாதையில் திரும்பினார்கள்.

ஒரு ஹீரோவின் பெயர்கூடத் தெரியாமல், ஒரு திறனைக்கூட அறியாமல், உலகத்தரத்து ஆட்டக்காரர்கள் எடுத்த முடிவை அவளும் அதே நொடியில் எடுத்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பட்டியலும் இல்லாமல் விளையாட்டின் முதுகெலும்பு அவள் கையில் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையின் எல்லா வாதமும் அந்த ஒரு நிமிடத்திலிருந்து வந்ததுதான்.

கபடி என்று அவள் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு. கபடியில் வெளியே போனவர் உள்ளே வரத் தன் அணி எதிராளி ஒருவரை அவுட்டாக்க வேண்டும். இங்கே கடிகாரமே அவரை உள்ளே அனுப்பிவிடும். அதனால் எதிராளியைக் கொன்ற அணி கையில் வைத்திருப்பது கரைந்துகொண்டிருக்கும் ஒரு சொத்து. மூன்று பேர் எழுபது நொடிகள் இல்லை என்றால் அந்த எழுபது நொடிகளில் என்ன இடித்தாய், என்ன பிடித்தாய் என்பதுதான் கணக்கு. ஒன்றும் செய்யாமல் விட்டால் அந்த மூன்று கொலைகளின் மதிப்பில் பாதிக்கு மேல் காற்றில் போய்விட்டது.

அரை நிமிடத்துக்கு ஓர் அலை

இதைக் கொஞ்சம் எண்ணில் பார்த்தால் இன்னும் தெளியும். டோட்டா 2-வில் 30 நொடிக்கு ஒருமுறை க்ரீப் அலை கிளம்பும். சாதாரண அலையில் ஒரு பாதைக்கு நான்கு க்ரீப்கள்: கைகலந்து அடிப்பவை மூன்று, தூரத்திலிருந்து அடிப்பது ஒன்று. கடைசி அடியை யார் அடிக்கிறாரோ அவருக்குத்தான் தங்கம்; இதைத்தான் லாஸ்ட் ஹிட் என்கிறோம். ஒரு க்ரீப்புக்கு 40 கோல்டு என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நிமிடம் செத்துக் கிடந்தால் உங்கள் பாதையில் இரண்டு அலைகள், எட்டு க்ரீப்கள் கவனிப்பாரில்லாமல் போய்விட்டன. முந்நூறு கோல்டுக்கு மேல் போயிற்று. அவை சாகும்போது அருகில் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் எக்ஸ்பீரியன்ஸும் போயிற்று. அதே நேரத்தில் எதிராளி நிம்மதியாக நின்று உங்கள் அலையை அடித்துக்கொண்டிருக்கிறான், அல்லது உங்கள் டவரை இடித்துக்கொண்டிருக்கிறான். உயிர் வந்த பிறகும் பேஸிலிருந்து நடந்து வர வேண்டும்.

புதியவர்கள் கொலைக் கணக்கைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். இருபதுக்குப் பத்து என்று கொலையில் முன்னிலையில் இருக்கும் அணி தோற்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை. ஐந்தாவது நிமிடக் கொலையும் நாற்பதாவது நிமிடக் கொலையும் பலகையில் ஒரே மாதிரி ஒன்று என்று பதிவாகின்றன. முன்னது சில நொடி நிம்மதி. பின்னது பேஸின் கதவையே திறந்துவிடும். லெவல் ஏற ஏற டைமர் நீள்வதுதான் காரணம். முதல் அரை மணி நேரம் அடிமேல் அடி வாங்கிய அணி, கடைசியில் ஒரே ஒரு நல்ல சண்டையில் ஆட்டத்தைத் திருப்புகிறதே, அதை நான் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன். எதிராளியின் சாவு மிக விலை உயர்ந்திருக்கும் நேரத்தில் அவனைச் சாகடித்திருக்கிறார்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3-இல் ஹீரோ செத்தால் பீடம் ஒன்றில் தங்கம் கொடுத்துக் காத்திருந்து உயிர்ப்பிக்க வேண்டும். லெவல் கூடக் கூடச் செலவும் காத்திருப்பும் கூடும். அந்த விளையாட்டின் மேல் ரசிகர் ஒருவர் செய்த மேப்பாகத்தான் 2003-இல் டோட்டா பிறந்தது. வீடு கட்டுவதும் படை திரட்டுவதும் எல்லாம் கழன்று போயின. ஹீரோவும் அவன் சாவுக்கான காத்திருப்பும் தங்கிவிட்டன.

எதைக் கழித்தாலும் கழியாதது

டைமரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டும் சாட்சி, வேறு விளையாட்டுகள். 2015-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்மில் தங்கம் கிடையாது. கடையும் கிடையாது, லாஸ்ட் ஹிட்டும் கிடையாது. லெவல்கூட அணி முழுவதற்கும் ஒன்றுதான். புதியவர்களுக்குக் கஷ்டம் என்று தோன்றியதையெல்லாம் துணிந்து வெட்டியிருந்தார்கள். லெவல் ஏற ஏற நீளும் ரீஸ்பான் டைமரை மட்டும் வெட்டவில்லை. 2021-இல் வந்த போக்கிமான் யுனைட் இன்னும் ஒரு படி மேலே போய், இடிக்க வேண்டிய மையக் கட்டடத்தையே எடுத்துவிட்டது. பத்து நிமிட ஆட்டம், கோல் போட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். அதிலும் விழுந்தவர் காத்திருக்க வேண்டும். தங்கம் இல்லாத மோபா இருக்கிறது, பேஸ் இடிக்காத மோபாவும் இருக்கிறது. காத்திருப்பு இல்லாத ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

டோட்டாவுக்குள்ளேயே பாருங்கள். மேப்பில் இருக்கிற மிகப் பெரிய பரிசு ரோஷான் என்ற ராட்சத மிருகத்தைக் கொன்றால் கிடைக்கும் ஏஜிஸ். அது என்ன செய்கிறது? வைத்திருப்பவர் செத்தால் சில நொடிகளில் அதே இடத்தில் எழுப்பிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் பயன்படாவிட்டால் மறைந்துவிடும். ஒரே ஒரு சாவின் காத்திருப்பைத் தள்ளுபடி செய்வதற்காகப் பத்து பேரும் ரோஷான் இருக்கும் குழியைச் சுற்றி உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள். பைபேக் என்ற இன்னொன்றும் உண்டு: தங்கம் கட்டிவிட்டு உடனே உயிர்த்தெழலாம், ஆனால் ஒருமுறை செய்தால் எட்டு நிமிடத்துக்கு மறுமுறை முடியாது. காலத்தைக் காசு கொடுத்து வாங்குவது என்பதை இவ்வளவு பச்சையாக விதியாகவே வைத்திருக்கும் விளையாட்டு வேறு எனக்குத் தெரிந்து இல்லை. 2019 ஏப்ரலில் ஓபன்ஏஐ ஃபைவ் என்ற செயற்கை நுண்ணறிவு அணி, உலக சாம்பியனாக இருந்த ஓஜி அணியை 2-0 என்று வென்றபோது பலரும் வியந்த விஷயங்களில் ஒன்று அதன் பைபேக். மனிதர்கள் கடைசிக்கட்டம் வரை பத்திரப்படுத்தும் அதை, அந்த அணி ஆட்டத்தின் ஆரம்பப் பகுதியிலேயே தயங்காமல் செலவழித்தது. மேப்பில் ஓர் ஆள் குறைவாக இருக்கும் நேரத்தை அது நம்மைவிட அதிகமாக மதித்தது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

யார் சாகலாம்

டைமரைப் புரிந்துகொண்டவருக்குப் பாத்திரங்களைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். டோட்டாவில் ஐந்து ஆட்டக்காரர்களுக்கும் 1 முதல் 5 வரை எண் உண்டு. அது தங்கத்தில் யாருக்கு முதல் உரிமை என்ற வரிசை. 1 கேரி. ஆரம்பத்தில் பலவீனமானவன், பொருட்கள் சேர்ந்த பிறகு அணியைச் சுமப்பவன். 5 சப்போர்ட், தனக்கென்று அதிகம் எடுத்துக்கொள்ளாதவன். இதை இப்படியே சொன்னால் புதியவர்களுக்கு சப்போர்ட் என்பது எடுபிடி வேலை போலத் தெரிகிறது. யாரும் எடுக்க முன்வருவதில்லை. டைமர் வழியாகச் சொல்லிப் பாருங்கள். கேரி லெவல் அதிகம் உள்ளவன், அவன் செத்தால் காத்திருப்பு நீளம், அந்த நேரத்தில் அவன் சம்பாதித்திருக்கக்கூடிய தங்கமும் அதிகம். சப்போர்ட்டின் லெவல் குறைவு, அவன் சீக்கிரம் திரும்பிவிடுவான். அதனால் இருவரில் ஒருவர் சாகத்தான் வேண்டும் என்ற நிலையில், சப்போர்ட் முன்னால் பாய்ந்து எதிராளியைப் பிடித்து நிறுத்தி, கேரியைத் தப்பவிட்டுத் தான் சாவது அணிக்கு லாபம். கணக்கு போட்டுச் செய்கிற தியாகம் அது. பலகையில் அது ஒரு சாவு என்று மட்டும்தான் பதிவாகும். அந்தச் சாவைச் சரியான இடத்தில் செத்தவரை நான் பத்துக் கொலை செய்தவருக்கு மேலே வைப்பேன்.

அதனால்தான் புதியவர்களைப் பார்த்து அணிக்காரர்கள் திட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. "ஏழு தடவை செத்திருக்க, ஆடத் தெரியலன்னா போ" என்று முகம் தெரியாதவர் ஒருவர் எழுதுகிறார். ஏழு என்பது தகவலே இல்லை. எப்போது, எதற்காக, அந்த நேரத்தில் உன் அணி என்ன பிடித்தது என்று கேட்டால்தான் அது தகவல். மூன்று எதிராளிகளை உன் பின்னால் காட்டுக்குள் இழுத்துச் சென்று செத்தாய், அதற்குள் மற்ற நால்வரும் இரண்டு டவர்களை இடித்தார்கள் என்றால் நீ நன்றாகவே செத்திருக்கிறாய். முதல் வாரத்திலேயே இப்படித் திட்டு வாங்கி எத்தனை பேர் விலகிப்போகிறார்கள்! சாவைப் பற்றிய பயத்தை மட்டும் ஊட்டப்பட்டவர் டவருக்குப் பின்னாலேயே ஒளிந்து நிற்பார். தங்கமும் வராது, எக்ஸ்பீரியன்ஸும் வராது. சாகாமலேயே செத்தவருக்குச் சமமாக மேப்பில் இல்லாமல் இருப்பார்.

பார்வையைப் பற்றி ஒரு சொல். மேப்பில் உங்கள் அணிக்குத் தெரியாத பகுதியெல்லாம் இருட்டு. வார்டு வைத்தால் அந்த இடம் கொஞ்ச நேரம் தெரியும்; டோட்டாவின் அப்சர்வர் வார்டுக்கு ஆயுள் ஆறு நிமிடம். பட்டையில் யார் செத்துக் கிடக்கிறான் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. நான்கு பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள், ஒருவன் செத்துக் கிடக்கிறான் என்றால் இருட்டில் யாருமில்லை, துணிந்து போகலாம். இந்தக் கூட்டல் கழித்தலுக்காகத்தான் வார்டு.

கொலை ஒரு வழி மட்டுமே என்பதற்கு ஒரு பழைய லீக் ஆட்டத்தைச் சொல்வேன். 2013 ஜனவரியில் போலந்தின் கட்டோவீட்சேயில் நடந்த இன்டெல் எக்ஸ்ட்ரீம் மாஸ்டர்ஸ் போட்டியில் ஃபினாட்டிக்கும் எஸ்கே கேமிங்கும் மோதின. ஃபினாட்டிக்கின் எக்ஸ்பெக்கே, கசாடின் என்ற ஹீரோவோடு எதிராளியின் பேஸுக்குள் தனியாக நின்று, தன்னைத் தாக்க வந்தவர்களுக்குப் போக்குக் காட்டி நழுவிக்கொண்டே நெக்ஸஸை அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டார். காவலுக்குப் போதுமான ஆள் இல்லாத சில நொடிகள் அவருக்குப் போதுமாக இருந்தன. பின்வாசல் வழியாகப் புகுந்து முடிக்கும் அந்த உத்திக்கு இன்றும் ரசிகர்கள் அவர் பெயரையே சொல்கிறார்கள்.

இனி ஹீரோவைப் பற்றி. கடைசியாகத்தான் பேச வேண்டும் என்பதால் கடைசியாகப் பேசுகிறேன். டோட்டாவில் புதியவருக்கு ரெய்த் கிங்கைக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அழுத்த வேண்டிய பொத்தான்கள் குறைவு, உடம்பு தாங்கும், நியாயமான காரணங்கள்தான். ஆனால் அவனுடைய பெரிய திறனே செத்தவுடன் எழுந்து நிற்பது. புதியவர் எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அதையே அவன் மறைத்துவிடுகிறான். நான் கிரிஸ்டல் மெய்டனைக் கொடுப்பேன். மெதுவாக நடப்பாள், இரண்டு அடியில் விழுவாள், ஆனால் ஒரு நொடியில் எதிராளியை உறைய வைத்து அணிக்கு ஒரு கொலையை வாங்கித் தருவாள். அவளோடு பத்து ஆட்டம் ஆடியவர் எங்கே நிற்கக் கூடாது என்பதையும், எப்போது பாய்ந்து செத்தால் தகும் என்பதையும் தானாகவே தெரிந்துகொள்வார். அதற்கு முன்னால் ஆடாமலே ஒரு முழு ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், சண்டை வரும்போதெல்லாம் கண்ணை மேல் பட்டைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ரெய்த் கிங்கை இரண்டாவது மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.